மகளின் சன்னலுக்கு மேலே ஒரு பொந்து

அந்த மரத்தை வெட்டச் சொன்னது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே, வேலியை ஒட்டி இரண்டு மரங்கள் நின்றன. எங்கள் பக்கம் ஒரு மேப்பிள். தடித்த, உயிருள்ள மரம். அவர்கள் பக்கம் ஒரு ஆஷ். பட்டைக்கு அடியில் துளைத்துத் தின்னும் பச்சை வண்டு ஒன்று இந்த நகரத்து ஆஷ் மரங்களைத் தெருத் தெருவாகச் சாகடித்துக்கொண்டு வருகிறது. நாங்கள் குடிவந்த வருடம் அந்த மரத்தின் உச்சியில் இலை வரவில்லை. அடுத்த வசந்தத்தில் எங்குமே வரவில்லை. நேராக நின்று செத்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். அது எங்கள் பக்கமாகச் சாய்ந்து, என் மகள் படுக்கும் அறைச் சன்னலுக்கு நேர் மேலே செத்தது.

காற்றடிக்கும் நாட்களில் மகளின் கட்டிலை மற்றச் சுவருக்கு நகர்த்துவேன். காற்று நின்றதும், அங்கே ஹீட்டர் அருகில் இருக்கிறதே என்று திரும்பவும் இங்கே நகர்த்துவேன். விழுந்த சுள்ளிகளைப் படம் எடுத்துப் பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்கார மதாமுக்குக் காட்டினேன். அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். எதற்கும் அவசரப்பட மாட்டார். நகராட்சிக்கு எழுதினேன். திரும்ப எழுதினேன்.

"மரம் ஆடுறதுக்கு முதல் உம்மட முகம் ஆடுது," என்பார் கணவர்.

கடைசியில் மதாம் இணங்கினார். மே மாத நீண்ட வார இறுதிக்கு அடுத்த செவ்வாய் காலையில் மரம் வெட்டுபவர்கள் வருவதாக முடிவாகியது. எனக்கு ஒரு வாரம் நன்றாக நித்திரை வந்தது.

அந்த வார இறுதிச் சனிக்கிழமை, பொழுதுபடும் நேரம், மகள் சன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு, "ஷா! ஷா!" என்றாள். கார்தெரியில், பகல்நேரப் பிள்ளைக் காப்பகத்தில், படித்த பிரெஞ்சு அவளுக்குத் தமிழைவிட முந்திக்கொண்டு வரும்.

"பூனையோ? எங்க?"

பூனை இல்லை. சாம்பல் நிறம், நீண்ட வெள்ளை மூஞ்சி, எலிக்கு இருப்பதைப் போல மயிரில்லாத வால். ஆஷ் மரத்தின் தண்டில் அது அவசரமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. வாலைச் சுருட்டி அதற்குள் ஒரு கட்டு காய்ந்த இலையைப் பிடித்திருந்தது. முதல் கவட்டில் இருந்த பொந்துக்குள் தலை போனது, உடல் போனது, கடைசியாக இலைக்கட்டும் வாலும் போயின.

ஒப்பொசம். வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் விலங்குகளில் இந்தக் கண்டத்தின் வடக்கில் வாழ்வது இது ஒன்றுதான். தெற்கிலிருந்து மெல்ல மெல்ல ஏறி, ஆறு கடந்து, இப்போது மொன்றியல் வரைக்கும் வந்துவிட்டது. இந்தக் குளிருக்கு அதன் உடம்பு இன்னும் பழகவில்லை. நான் பார்த்ததன் காதோரங்கள் இரண்டும் குளிரில் கருகி உதிர்ந்திருந்தன.

ஒப்பொசம் படுக்கை போடுகிறது. படுக்கை போடுவது அநேகமாகத் தாய். இலை காவ வெளியே வந்து போகிறது என்றால், குட்டிகள் பையைவிட்டு இறங்கிப் பொந்துக்குள் கிடக்கக்கூடும். அவை கிடக்கும் தண்டு செவ்வாய் காலையில் கீழே வரும். வரச் செய்தவள் நான்.

இதெல்லாம் எனக்கு ஏன் தெரியும் என்று சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்து, மேற்படிப்புக்காக அவுஸ்திரேலியாவின் கிழக்குப் பக்கத்துக் காடுகளில் இரண்டு வருடம் கயிற்றில் மரம் ஏறினேன். யூகலிப்டஸ் பொந்துகளில் பகலில் தூங்கும் பொசம்களை, ஒப்பொசத்துக்குத் தூரத்துச் சொந்தமான பை விலங்குகளை, எடுத்து, நிறுத்து, பைக்குள் குட்டி இருக்கிறதா என்று பார்த்து, திரும்ப வைப்பது வேலை. காட்டுத் தீக்குப் பிறகு கருகிய மரங்களின் உச்சியில் மாட்டிக்கொண்டவற்றை இறக்கியும் இருக்கிறேன். படியில் இறங்கும்போதே கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பவள் அவ்வளவு உயரத்தில் எப்படித் தொங்கினாள் என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கயிற்று வேலையில் முடிச்சைப் போட்டு, தொட்டு, வாய்விட்டுச் சொல்லி, கீழே நிற்பவரும் அதையே திருப்பிச் சொன்ன பிறகுதான் கால் நிலத்தைவிட்டு எழும்பும். அங்கே ஒருவரும் என்னை, ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறாய் என்று கேட்டதில்லை.

வயிற்றில் மகள் வந்ததும் ஏறுவதை நிறுத்தினேன். இப்போது வீட்டிலிருந்தபடி, மற்றவர்கள் காட்டில் போய் எழுதிவரும் அறிக்கைகளைச் சரிபார்க்கிறேன். கயிறும் இடுப்புப் பட்டியும் ஹொக்கி பை ஒன்றில் நிலக்கீழ் அறையில் கிடந்தன.

ஞாயிறு காலை மதாமிடம் போனேன். மரம் வெட்டுவதைக் கொஞ்ச நாள் பின்போட முடியுமா என்று கேட்டேன். அவர் கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒரு வருஷமாக மரத்தை வெட்டு வெட்டு என்றாய். இப்போது மரத்தில் குடியிருப்பவளை எழுப்பாதே என்கிறாய். மரம் வெட்டுபவர்களை இந்த முறை விட்டால் பிறகு இலையுதிர் காலம்தான், செல்லம். அதுவரை உன் பிள்ளையின் சன்னலை யார் பார்ப்பது?"

அன்று மதியமே காற்று எழும்பியது. நான் கட்டிலை நகர்த்தினேன்.

காட்டு விலங்குகளைப் பராமரிக்கும் ஒரு நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். தொண்டராக வேலை செய்யும் ஒரு பெண் பேசினார். அவர்களிடம் மரம் ஏறுபவர்கள் இல்லை. நான் செய்துவந்த வேலையைச் சொன்னதும் யார் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, "நீங்கள் இறக்குவதானால் திங்கள் பின்னேரம் நான் வந்து பார்க்கிறேன். ஆனால் தனியாக ஏறாதீர்கள்," என்றார்.

கணவர் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாள் சத்தம் கேட்டா எந்த மிருகமும் ஓடும்தானே?"

"தாய் ஓடும். குட்டியள் ஓடாது."

"குட்டி இருக்கெண்டு எப்பிடித் தெரியும்?"

"இலை காவிக்கொண்டு போகுது."

"நானும்தான் ஒவ்வொரு சனியும் பை பையாக் காவிக்கொண்டு வாறன். என்ர வயித்திலயும் பை இருக்கோ எண்டு பாரும்."

நான் சிரிக்கவில்லை. அவர் துணியை மடித்து வைத்தார்.

"நீர் ஏறப்போறீர்."

"செத்த ஆஷ் மரத்தில ஒருத்தரும் ஏறக்கூடாது. சொல்லாமல் கொள்ளாமல் முறியும்."

"மேப்பிள்ளில?"

மேப்பிளின் பெரிய கொப்பு ஒன்று வேலியைத் தாண்டி ஆஷ் வரை போகிறது. அதில் கயிறு போட்டால், ஆஷில் பாரம் வைக்காமலே பொந்துக்குப் பக்கத்தில் தொங்கலாம். இதை நான் சனிக்கிழமையே கணக்குப் பார்த்திருந்தேன். அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"மேப்பிள்ளில ஏறலாம்," என்றேன். "பிள்ளைக்குத் தாய் நான். விழுந்திட்டனெண்டா?"

"விழமாட்டீர். ஆனா இதை ஏறாமல் விட்டா அடுத்த வருஷம் வரைக்கும் என்னை நித்திரை கொள்ள விடமாட்டீர்." திங்கள் விடுமுறையானாலும் லொங்குய்யில் அவருடைய ஆய்வுகூடத்தில் அவருக்கு வேலை. "கீழ நிக்க ஆள் வேணுமெண்டா அக்காவைக் கூப்பிடும்."

மச்சாள், கணவரின் அக்கா, கர்க்லாண்டில் இருக்கிறார். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறை அவருடைய ஆட்சியில் நடக்கிறது. திங்கள் காலை ஒரு சட்டி இறால் குழம்போடு வந்து இறங்கினார்.

"பிள்ளை பெத்த பிறகு மரத்தில ஏறச் சொல்லி உங்கட படிப்பில இருக்கோ?"

"இல்லை மச்சாள்."

"ஒரு எலிக்காக."

"எலி இல்லை."

"வால் எலிதானே? என்ர தம்பி சொன்னவன்." சட்டியை அடுப்பில் வைத்தார். "சரி, என்ன செய்யவேணும்? சொல்லும்."

அதற்கு முன்பே கயிறு முழுவதையும் கூடத்தில் விரித்து விரல்களுக்கிடையே இழுத்துப் பார்த்திருந்தேன். நாலு வருடமாகப் பைக்குள் கிடந்த கயிறு. ஒரு நைவும் இல்லை. நம்பாமல் மற்ற நுனியிலிருந்தும் பார்த்தேன். கயிற்றின் கீழ் முனை மேப்பிளின் அடியில் ஒரு கருவிக்குள்ளால் போகும். மேலே எனக்கு ஏதும் நடந்தால், அதன் கைப்பிடியை மெல்ல இழுத்து என்னைக் கீழே இறக்கலாம். மச்சாளுக்கு அதைக் காட்டினேன். நான் சொல்லாமல் தொடக்கூடாது. நான் கூப்பிட்டுச் சொல்வதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கையில் வேறொன்றும் இருக்கக்கூடாது.

"பிள்ளையும் இல்லையோ?"

"பிள்ளையும் இல்லை."

இங்கேதான், ஏறுவதே வேண்டாம் என்று, நான் மூன்றாம் முறையாக மனம் மாறினேன். மகளை யாரிடம் விடுவது? மதாமை நான் ஒரு வருடமாகத் தொந்தரவு செய்திருக்கிறேன். அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்க முதலே இரண்டு கையையும் நீட்டினார். மரங்களுக்கு எதிர்ப்பக்கமாக இருந்த தன் வீட்டு வெராந்தாவில் மகளை இருத்தி, ஐஸ் பழம் ஒன்றைக் கொடுத்தார். பிள்ளையை எழும்ப விடவேண்டாம் என்று சொன்னேன். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் சொன்னேன்.

"நாற்பது பிள்ளைகளை ஒரே பஸ்ஸில் இருத்தி வைத்தவள் நான்," என்றார்.

மெல்லிய நூல் கட்டிய கனமான சின்னப் பையைக் கொப்புக்கு மேலால் எறிந்தேன். முதல் எறி மதாமின் துலிப் பூக்களுக்குள் விழுந்தது. இரண்டாவது கொப்பில் பட்டுத் திரும்பியது. ஒருவழியாகச் சரியான கவட்டுக்கு மேலால் போனதும் நூலோடு கயிற்றை இழுத்தேன். ஏற முதல், கொப்பு தாங்குமா என்று பார்க்க இரண்டு பேர் சேர்ந்து கயிற்றில் தொங்க வேண்டும். மச்சாளும் நானும் தொங்கினோம்.

"என்ர பாரத்துக்கு முறியாட்டி உம்மட பாரத்துக்கு முறியாது," என்றார். கொப்பு அசையவில்லை.

ஏறத் தொடங்கியதும் உடம்பு பழைய உடம்பு இல்லை என்று தெரிந்தது. இடுப்புப் பட்டி, மகளை எடுக்க வெட்டிய தழும்பின் மேல் சரியாக அழுத்தியது. கூரை உயரத்தில் ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினேன். மகளின் அறைச் சன்னல் எனக்கு நேரே இருந்தது. உள்ளே கட்டில், கட்டிலில் முகம் கவிழ்ந்து கிடந்த துணிக்கரடி. அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போதும் மரம் சாய்ந்துதான் நின்றது. அதில் நான் பிழைவிடவில்லை.

"மச்சாள்!"

"ஓம்!"

"ஆஷ் பக்கம் போறன்!"

"ஓம்! ஆஷ் பக்கம் போறீர்!"

தெரு முழுக்கக் கேட்டிருக்கும். மேப்பிளில் காலை உதைத்து மெல்ல ஆடி, ஆஷின் தண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கை பட்ட இடத்தில் பட்டை தகடாகக் கழன்று விழுந்தது. உள்ளே வண்டு குடைந்த பாதைகள் வளைந்து வளைந்து ஓடின. பாரம் முழுவதும் மேப்பிள் கயிற்றில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மகளின் சிவப்புத் தொப்பியைச் சுருட்டிப் பொந்து வாயை அடைத்தேன். வாயை முதலில் அடைக்காவிட்டால் பயந்த விலங்கு வெளியே பாயும். வீட்டில் அந்த அளவுக்குச் சரியாக இருந்த துணி, மகள் பனிக்காலம் முழுக்கப் போட்ட அந்தக் கம்பளித் தொப்பி ஒன்றுதான்.

"பொந்தை மூடிட்டன்!"

"ஓம்! மூடிட்டீர்!"

தொப்பியைக் கொஞ்சமாக விலக்கி, தோல் கையுறை போட்ட கையை உள்ளே விட்டேன். சீறல் கேட்டது. திறந்த வாய், நிரம்பப் பற்கள், எச்சில். அழுகல் போன்ற ஒரு நாற்றம் முகத்தில் அடித்தது. பிடரியைப் பிடித்து இழுத்து, தயாராக விரித்து வைத்திருந்த தலையணை உறைக்குள் இறக்கினேன். முதுகு மயிரைப் பிடித்தபடி ஒரு குட்டியும் கூடவே வந்தது; பெரிய சுண்டெலி அளவு, கறுத்த பொத்தான் கண். உறையின் வாயைக் கட்டி இடுப்பில் கொழுவினேன்.

"ரெண்டும் வந்திட்டுது!"

"ஓம், ரெண்டும்!" பிறகு வேறு குரலில், "அது நான் வீடு குடிபூர தந்த தலையணை உறையெல்லோ?" என்றார்.

இறங்கத் தொடங்கினேன். சந்தோஷம்கூட வந்தது. கூரை உயரத்துக்கு வந்ததும் கை தானாக நின்றுவிட்டது.

நான் இரண்டு வருடம் ஏறிய மரங்களில், பொந்துக்குள் ஒரு தாய், தாயோடு ஒரு குட்டி. கூடினால் இரண்டு. தாயையும் குட்டியையும் பைக்குள் போட்டால் அந்த வீடு காலி. என் கைக்கு அந்தக் கணக்குத்தான் தெரியும். ஆனால் ஒப்பொசம் அவுஸ்திரேலியாவின் விலங்கு அல்ல. அது ஒரே பிரசவத்தில் ஒரு கூட்டமாகவே பெறும். கையுறை போட்ட கைக்கு இலையும் தெரியாது, இலைக்கு அடியில் கிடப்பதும் தெரியாது. நான் ஒரே ஒரு தரம்தான் கைவைத்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்க்கிற நான்.

"மச்சாள்! திரும்ப மேல போறன்!"



"என்ன, அடுப்பு நிப்பாட்டேல்லையோ?"

வீட்டைவிட்டுப் புறப்பட்டால் திரும்பி வந்து அடுப்பைப் பார்ப்பவள் நான். இதை வைத்து மச்சாள் குடும்பம் முழுக்கச் சிரிப்பது வழக்கம். மதாமுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் வெராந்தாவில் இருந்து சிரித்தார். மகளும் சேர்ந்து சிரித்தாள்.

இடுப்பில் கனத்துச் சீறும் உறையோடு திரும்ப ஏறினேன். தோள்கள் எரிந்தன. தாய் இப்போது வெளியே இருந்ததால் கையுறையைக் கழற்றி வெறுங்கையை உள்ளே விட்டேன். இலைகள். இலைகளுக்கு அடியில் சூடு. சூட்டுக்குள் ஏதோ நெளிந்தது. ஒன்றை எடுத்தேன். அதன் வால் என் விரலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. இன்னொன்று. அதற்கும் உள்ளே இன்னொன்று. ஒவ்வொன்றாகச் சிவப்புத் தொப்பிக்குள் போட்டேன். அவை ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கம்பளிக்குள் முகத்தைப் புதைத்தன.

"எத்தினை?"

"நிறைய! பொறுங்கோ!"

அடியை வழித்துப் பார்த்தேன். வெறும் இலை.

"இனி இல்லை!"

"வடிவாப் பாத்தீரோ?" குரலில் சிரிப்பு இல்லை. "இன்னொருக்காப் பாரும்!"

பார்த்தேன். பொந்தின் பின்பக்கம், உளுத்த மரத்துக்குள் போன ஒரு வெடிப்பில், ஒன்று தனியே சுருண்டு கிடந்தது.

இறங்கி நிலத்தில் கால் வைத்ததும் அப்படியே புல்லில் இருந்துவிட்டேன். மச்சாள் கைப்பிடிக்குப் பக்கத்தைவிட்டு அசையவில்லை. "இப்ப விடலாமோ?" என்று கேட்டு, நான் ஓம் என்ற பிறகே விலகி வந்தார். பிறகு தொப்பிக்குள் எட்டிப் பார்த்தார்.

"எலிதான்," என்றார். "ஆனா வடிவான எலி."

பின்னேரம் நிலையத்துப் பெண் ஒரு மரப்பெட்டியோடு வந்தார். தாயையும் குட்டிகளையும் பார்த்தார். எல்லாம் நல்ல நிலை. கூட்டில் அடைத்துக் கொண்டுபோவதைவிட இங்கேயே விடுவது நல்லது என்றார். பெட்டியை மேப்பிளில், பழைய பொந்துக்குக் கிட்டிய உயரத்தில் கட்டி, பொந்திலிருந்த இலைகளையும் போட்டு வைக்கச் சொன்னார். பிடித்தால் தாய் இருக்கும். பிடிக்காவிட்டால் பிள்ளைகளைக் காவிக்கொண்டு வேறு இடம் தேடும். அது அதன் இஷ்டம். ஒன்று மட்டும்: குழப்பக்கூடாது, ஏறிப் பார்க்கக்கூடாது.

பொழுதுபட முன் இன்னொரு தரம் ஏறினேன். அதற்குள் கணவர் வந்துவிட்டார். கைப்பிடிக்குப் பக்கத்தில் போனவரை மச்சாள் தள்ளிவிட்டார்.

"விடு. உனக்குத் தெரியாது."

தொப்பியைப் பிடித்திருந்த குட்டிகளைப் பிரித்தெடுக்க மனம் வரவில்லை. தொப்பியோடு பெட்டிக்குள் வைத்து, உறையிலிருந்த தாயையும் உள்ளே விட்டேன்.

செவ்வாய் காலை ஆஷ் துண்டு துண்டாகக் கீழே வந்தது. வாள் சத்தம் முழுவதையும் சமையலறையில் நின்று கேட்டேன். பெட்டிக்குள் இருப்பவைக்கும் இது கேட்குமே என்று அடிக்கடி சன்னலுக்குப் போனேன். கடைசித் துண்டு விழுந்தபோது வீட்டின் நிலம் ஒரு முறை அதிர்ந்தது. பிறகு மகளின் அறைக்குள் வெயில் வந்தது. நான் ஒரு வருடமாகக் கேட்ட வெயில். இப்போது அவள் அதிகாலையிலேயே எழும்பிவிடுகிறாள். மேப்பிளிலும் ஒரு கொப்பு கொஞ்சம் கீழே தொங்குகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. கணவரிடம் இன்னும் சொல்லவில்லை.

பெட்டிக்குள் அது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. பெட்டி வாயில் ஒரு காய்ந்த இலை நீட்டிக்கொண்டு நிற்கிறது. நேற்று வலப்பக்கம் நின்ற மாதிரி இருந்தது, இன்று இடப்பக்கம். காற்றுக்கும் அப்படி மாறலாம். படம் எடுத்து வைத்தேன், நாளைக்கு ஒப்பிட்டுப் பார்க்க. மகள் தன் தொப்பியைக் கேட்டு அழுகிறாள். குளிர் வர நாள் இருக்கிறது என்று சொன்னால் அவளுக்கு விளங்கவில்லை.

மச்சாள் வேலை இடைவேளையில் தொலைபேசி எடுக்கிறார்.

"இருக்குதோ?"

"தெரியாது மச்சாள்."

"இலை?"

"இடப்பக்கம்."

"அப்ப இருக்குது." பாத்திரங்கள் மோதும் சத்தம். "ஏறிப் பாத்தா என்ன?"

"ஏறக்கூடாது. குழப்பினா போயிடும்."

"சரி. பேந்து தொப்பி எடுக்க ஏறேக்க எனக்குச் சொல்லும். தம்பியைக் கீழ நிப்பாட்டிப்போட்டு ஏறாதையும்," என்றார். "அவன் ஒருக்காத்தான் பாப்பான்."